என்னுடைய செத்த வீடு

நான் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர், கதிரை வாடகைக்கு விடுகிற கடையின் லொறிக்காரர். மதியம் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது அவர் முனையில் லொறியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரைகள், மேலே ஒரு நீலத் தறப்பாள்.

“அண்ணை, இஞ்ச செத்த வீடு எது?”

எனக்கு உடனே பக்கத்து வீட்டு ஐயாதான் நினைவுக்கு வந்தார். மனிதர் கொஞ்ச நாளாக இருமிக்கொண்டிருந்தார். “ஐயோ, எப்ப?” என்று கேட்டேன்.

“இண்டைக்குக் காலமையாம். ஹாபர்ல வேலை செய்யிற ஆளாம். நாடகமெல்லாம் எழுதுறவராம்.”

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். ஊரில் நாடகம் எழுதுகிறவர்களும் நாலைந்து பேராவது இருப்பார்கள். இரண்டையும் செய்துகொண்டு இந்த ஒழுங்கையில் குடியிருக்கிறவன் நான் ஒருவன்தான். நான் கையை நீட்டி என் வீட்டைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. லொறி முன்னால் போக, நான் பின்னால் போனேன்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. முற்றத்தில் ஆட்கள். எதிர்வீட்டு அக்கா, “எவ்வளவு நல்ல மனுசன்” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வேப்பமரத்து இலை தன் வளவுக்குள் கொட்டுகிறது என்று போன கிழமைதான் என்னோடு சண்டை பிடித்தவர். அவர்தான் என்னை முதலில் கண்டார். கத்தவில்லை. வாய் திறந்தது திறந்தபடியே பக்கத்தில் நின்றவரின் தோளை எட்டிப் பிடித்தார். முற்றம் முழுவதும் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. இருமல்கார ஐயாதான் கடைசியில் வாயைத் திறந்தார்.

“தம்பி, நீ ஆஸ்பத்திரியிலயெல்லோ கிடக்கிறாய்?”

“நான் சாகேல்லை ஐயா” என்றேன்.

இத்தனை வருடமாக நாடகம் எழுதுகிறேன், இப்படி ஒரு வசனம் எழுதியதில்லை. வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் கிழித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். இழுவைப் படகின் கயிறு அறுந்து என் நெஞ்சில் அடித்ததாக ஒருவர் கேள்விப்பட்டிருந்தார். இன்னொருவருக்கு நான் கடலில் விழுந்துவிட்டேன் என்று தகவல். மூன்றாமவர் எல்லோரையும் வென்றுவிட்டார்: நான் கடைசியாகத் தண்ணீர் கேட்டேனாம், போத்தலைத் திறந்து கொடுப்பதற்குள் போய்விட்டேனாம். காலையில் நான் வேலைக்குப் போகும்போதே முகம் ஒரு மாதிரி வெளிறியிருந்ததை எதிர்வீட்டு அக்கா தன் கண்ணால் கண்டிருந்தார். நாடகத்துக்கு ஒரு ஆளை மேசையில் இருந்து எழுதி உருவாக்க எனக்கு மூன்று மாதம் வேண்டும். எங்கள் ஒழுங்கை ஒரு காலைப்பொழுதுக்குள் என்னை நல்லவனாக்கி, நோயாளியாக்கி, கடைசி வார்த்தையும் கொடுத்து முடித்திருந்தது.

உள்ளே இருந்து என் மனைவியின் குரல் கேட்டது. அழுகை இல்லை, சண்டை. நான் அறைக்குள் போனேன். அலுமாரி திறந்து கிடந்தது. கட்டிலில் என் சேட்டுகளெல்லாம் பரப்பிக் கிடந்தன. இரண்டு பெண்கள் நீலச் சேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, என் மனைவி அதைப் பறித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடுத்திவிடுவதற்கு உடுப்பு எடுக்கிறார்கள் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அது வேண்டாம் எண்டு எத்தினைதரம் சொல்லுறது? அவருக்கு அது கை இறுக்கம். போட்டார் எண்டால் நாள் முழுக்க எரிச்சல்படுவார்.”

நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. சாயம் போன ஒரு சாம்பல் சேலை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அதே குரலில், அதே கோபத்தோடு, “கேளுங்கோவன் இவரிட்ட, இறுக்கம்தானே?” என்றாள்.

“ஓம், இறுக்கம்தான்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தான் யாரிடம் கேட்டாள் என்பது உறைத்தது. சேட்டைக் கையில் பிடித்தபடியே அலுமாரியோடு சரிந்து கீழே இருந்துவிட்டாள். என் காலைப் பிடித்தாள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி பிடித்தாள். நான் அவளைத் தூக்க முயன்றேன். முடியவில்லை. எனக்கே ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் புது நாடகத்தில் அவளுக்குப் புருசனை இழந்தவளின் வேடம்; இது அந்த நாடகத்தால் வந்த வினை என்று அவளுடைய வெறும் நெற்றியைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. கோபம் தலைக்கேறியது. வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, “தம்பி, உங்கட அம்மாவுக்குச் சொல்லியாச்சு” என்றார். “சம்பூரில இருந்து வான் பிடிச்சு வெளிக்கிட்டிட்டினமாம்.”

என் கோபம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். போர் வந்து சம்பூரை விட்டு எல்லோரும் ஓடிய வருடத்தில், பாதி வழியில் அண்ணா மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். வரவில்லை. முகாமில் இருந்த காலத்திலும், பிறகு ஊருக்குத் திரும்பிக் கொட்டில் போட்ட காலத்திலும், அண்ணா செத்துவிட்டார் என்ற சொல்லை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. சொந்தக்காரர்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிடச் சொல்லிப் பார்த்தார்கள். “செத்த பொடியைக் கண்டவையோ நீங்கள்?” என்று கேட்பார். “எந்த மறியலில அடைபட்டு இருக்கிறானோ. பேரை மாத்திக்கொண்டு எங்கையும் மாடு மேய்க்கிறானோ. இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி விடச் சொல்லுறியள்.” நான் அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அண்ணா இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அம்மாவின் பிடிவாதம்தான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. அந்த அம்மாவுக்கு இப்போது மிச்சமிருந்த மகனும் போய்விட்டான் என்று யாரோ தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நெஞ்சுக் குளிசை போடுகிற மனுசி.

அம்மாவிடம் போன் இல்லை. அவரோடு இருக்கிற சின்னம்மாவிடம் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. எனக்கு வந்து கிடந்த தவறிய அழைப்புகளில் பாதி அவருடையவை. படகில் நிற்கும்போது போன் கரையில் பெட்டிக்குள் இருக்கவேண்டும், அது எங்கள் வேலையின் சட்டம். முடிந்து வரும்போதும் அதைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இப்போது எடுத்து அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். வான் ஓடுகிற சத்தம், பின்னால் யாரோ ஒப்பாரி.

“சின்னம்மா, நான்தான்.”

மறுபக்கத்தில் ஒரு அலறல். பிறகு தடால் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. செத்தவனின் இலக்கத்தில் இருந்து செத்தவனின் குரல் வந்தால் மனுசி வேறு என்ன செய்யும்? திரும்பத் திரும்ப அடித்தேன். போன் அணைந்திருந்தது. கீழே விழுந்து பற்றரி கழன்றுவிட்டதாம், பிறகு தெரிந்துகொண்டேன்.

“நானும் வாறன்” என்று என் மனைவி எழுந்தாள்.

“முதல்ல பொட்டை வை.”

அலுமாரித் தட்டில் இருந்து தாலிக்கொடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் வைத்த பொட்டு ஒரு பக்கமாய்ப் போனது. திருத்தச் சொல்ல நேரமில்லை. முற்றத்தில் லொறிக்காரர், கதிரைகளை இறக்குவதா வேண்டாமா என்று இருமல்கார ஐயாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்.

சம்பூர் எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் குடாவுக்கு அந்தப் பக்கம். தரைவழியாகச் சீனன்குடா, கிண்ணியா, மூதூர் என்று சுற்றிக்கொண்டு போகவேண்டும். எப்படியும் வான் அதே பாதையால்தான் வரும், நடுவில் மறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கும்பலாக அழுகிற வீட்டைப் பார்த்தாரென்றால் அம்மா அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார் என்ற பயம் மட்டும்தான் மனதில் இருந்தது.

சீனன்குடா வரைக்கும் நான் அவளைப் பின்னால் ஏற்றி, ஏசிக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். விமானப்படை முகாமின் வேலி ஓரமாய்ப் போகும்போது என் குரல் காவலரணில் நிற்கிறவருக்கும் கேட்டிருக்கும். நாடகத்துக்கு ஆராவது தாலியைக் கழற்றுவார்களா? ஊரில் ஆட்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்திருக்கக் கூடாதா? பின்னால் இருந்தவள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டுச் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் நாடகக் குழுவின் வழக்கமே அதுதான். மேடைக்கு முதல் ஒவ்வொரு நடிகரும் ஒரு நாள் தன்னுடைய பாத்திரமாக ஊருக்குள் போய் ஒரு வேலை செய்துகொண்டு வரவேண்டும். ‘ஆளாய்ப் போறது’ என்போம். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, யார் கேட்டாலும் உடைக்கக் கூடாது, போன் கொண்டுபோகக் கூடாது. குருடனாக நடித்தவர் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறி, உப்புவெளியில் இறங்கவேண்டியவர் நிலாவெளி வரை போய்ச் சேர்ந்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நான் எழுதுகிறவன், நான் எங்கும் போகவேண்டியதில்லை. மின்விசிறிக்குக் கீழே கதிரையில் சாய்ந்திருந்தால் ஆட்கள் தாங்களாகவே வருவார்கள் என்பது என் நினைப்பு. நடிகர்களின் இந்த ஓட்டத்தைக் கொஞ்சம் நக்கலாகத்தான் பார்த்து வந்தேன்.

அந்த நாடகத்தில் என் மனைவிக்குச் சல்லிக் கிராமத்தில் இருந்து கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவரின் பெண்சாதி வேடம். புருசனின் செய்தி வந்ததும் அவள் கரையில் நின்று கடலோடு இரண்டு பக்கத்துக்குக் கதைக்க வேண்டும். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று நம்பியிருந்தேன். ஒத்திகையில் அவளுக்கு வரவே இல்லை. “கடலோட ஆர் கதைக்கிறது? எனக்கு இந்தப் பொம்பிளையைத் தெரியேல்லை” என்றாள். தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வா என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தேன். பிறகு அந்த நாடகம் மேடையேறியது, நல்லாயிருந்தது என்றும் சொன்னார்கள். கடலோடு கதைக்கிற இரண்டு பக்கமும் அதில் இல்லை.

கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது காற்று முகத்தில் அடித்தது. அப்போதுதான் அவள் என் காதோரமாகக் கதைக்கத் தொடங்கினாள். நான் வேலைக்குப் போன பிறகு பொட்டைக் கழுவினாளாம். தாலியைக் கழற்றுவதற்கு நெடுநேரம் எடுத்ததாம். கல்யாணம் செய்த நாளில் இருந்து கழற்றியதில்லை, கழுத்து பாரமில்லாமல் வேறு யாருடையதோ போல் இருந்ததாம். பிறகு மீன் சந்தைக்கு நடந்தாள்.

“மீன்காரர் என்னோட ஒவ்வொரு நாளும் பகிடி விடுறவர்தானே? இண்டைக்கு என்ர முகத்தைப் பாக்கேல்லை. நான் விலை கேக்கவுமில்லை, தானாவே சுத்தித் தந்தார். தன்ர கை என்ர கையில முட்டாமல் தந்தார்.”

எதிரே வந்த ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டேன்.

“எங்கட ஒழுங்கை அன்ரி கண்டிட்டு ஓடி வந்தவ. என்ன பிள்ளை இது எண்டு கேட்டவ. உடைக்கக் கூடாதுதானே? நான் தலையைக் குனிஞ்சன். அழுகை வந்திட்டுது. உண்மையாவே வந்திட்டுது. எனக்கு உள்ளுக்கை சந்தோசம், வந்திட்டுதே எண்டு.”

அந்த அன்ரிக்கு வேறு என்ன வேண்டும்? அவர் ஒழுங்கைக்கு ஓட, என் மனைவி டச்சுக் குடாக் கரையில் போய் இருந்துவிட்டாள். மீன் பழுதாகப் போகிறதே என்று எழுந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஆட்கள். உள்ளே காலெடுத்து வைத்ததும் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தச் செய்தி தன்னிடம் இருந்து கிளம்பியது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தான் வெளியில் நின்ற நேரத்தில் துறைமுகத்தில் இருந்து வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். என் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளும் நம்பிவிட்டாள்.

“நான் கழட்டினபடியாத்தான் எண்டு நினைச்சன்” என்றாள். “நான் கழட்டினதைக் கண்டிட்டு உங்களை எடுத்திட்டார் எண்டு.”

யார் எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. ஏசவும் இல்லை. என் சேட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்ட அந்த முகம் மறுபடி கண்முன் வந்தது. அப்போது எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அம்மா வழியில் எந்த நிலையில் இருக்கிறாரோ தெரியாது, நானோ மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே, ‘மீன்காரர் கை முட்டாமல் தந்தார்’ என்பதை எந்தக் காட்சியில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மீதே எனக்கு அருவருப்பு வந்தது. அக்சிலேட்டரை முறுக்கினேன்.

கிண்ணியா கழிந்து வயல்வெளி தொடங்குகிற இடத்தில், தயிர்ச் சட்டிகள் அடுக்கிய ஒரு கடைக்கு முன்னால் அந்த வானைக் கண்டேன். வெள்ளை வான், முன்கண்ணாடி ஓரத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. எதிரே வேகமாக வந்துகொண்டிருந்தது. நான் றோட்டின் நடுவில் மோட்டார் சைக்கிளைக் குறுக்காக விட்டு இரண்டு கையையும் தூக்கினேன். சாரதி பிறேக் அடித்து, தலையை வெளியே போட்டுத் தூசணத்தால் ஏசினார். அவருக்கு என்னைத் தெரியாது. பக்கத்தில் இருந்த சின்னம்மாவுக்குத் தெரியும். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரம் பாடத் தொடங்கினார்.

“சின்னம்மா, நான் சாகேல்லை. பாருங்கோ, ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ.”

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். விரலால் என் கன்னத்தைக் குத்தினார். குத்திய கையாலேயே ஓங்கி ஒரு அறை விட்டார். அதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல்.

தயிர்க்கடை நானா செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். “என்னவாம், ஆரு மவுத்தாப் போனது?” என்று சாரதியிடம் கேட்டார். அதற்குள் விசயம் பிடிபட்டிருந்த சாரதி என்னைக் காட்டி, “இவர்தான்” என்றார். நானாவின் கை செம்போடு அந்தரத்தில் நின்றது.

அம்மா பின்சீற்றில் இருந்தார். எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்கினார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தலைமயிர் அவிழ்ந்து கிடந்தது. என்னிடம் மெதுவாக வந்து, சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, உள்ளே கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். என் நெஞ்சு அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ‘மகன்’ என்று கூடச் சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டுக் கடையின் மர வாங்கில் போய் இருந்தார். நானா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். நான் அவருடைய பையில் இருந்து குளிசையை எடுத்துக் கொடுக்க அதையும் போட்டார். விழவில்லை, மயங்கவில்லை. தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

என் மனைவி அவருடைய காலடியில் விழுந்து, நடந்ததை எல்லாம் ஒன்றுக்குமேல் ஒன்றாய்ச் சொன்னாள். சின்னம்மா வானம் கேட்க ஏசினார். அம்மா, “எழும்பு பிள்ளை, சீலையெல்லாம் மண்” என்றார். அவ்வளவுதான்.

“அக்கா பேசாமல் இருக்கிறா எண்டு நீ நினைக்காதை” என்று சின்னம்மா என்னிடம் திரும்பினார். “வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தவ. ஆனால் உன்ர பேரை ஒருக்காலும் சொல்லேல்லையடா. பெரியவனே, என்ர பெரியவனே எண்டுதான் கத்தினவ. உன்ர அண்ணனுக்கு எண்டு அவ ஒரு நாளும் அழுததில்லை. நான் பயந்திட்டன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் அவிழ்ந்த மயிரைக் கூட்டி முடிந்துகொண்டிருந்தார்.

“கன்னியாவில ஐயரிட்ட ஒரு நாள் கேள் மகன்” என்றார். “பெரியவனுக்குச் செய்வம்.”

இத்தனை வருடமாக நானும் ஊரும் கெஞ்சிக் கேட்டது அதுதான். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ பயம்.

“இப்ப ஏன் அம்மா அந்தக் கதை?”

“நீ செத்திட்டாய் எண்டு சொன்ன உடன நான் நம்பிட்டன். பொடி எங்க எண்டு கேக்கேல்லை. ஆர் கண்டது எண்டு கேக்கேல்லை. என்ர நெஞ்சு உடன ஓம் எண்டிட்டுது. வானுக்குள்ள இருந்து யோசிச்சன், பெரியவனுக்கும் அண்டைக்கே அப்பிடித்தான் ஓம் எண்டிருக்குது. வாய்தான் மற்றமாதிரிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சுது.”

“அண்ணாவின்ர பொடியை ஆர் கண்டது?” என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்துகொண்டு போனது. கடைக்கு வந்த ஆட்கள் பார்த்தார்கள். “ஒருத்தரும் காணேல்லை. எந்த மறியலில அடைபட்டு இருக்கிறாரோ? பேரை மாத்திக்கொண்டு எங்கையும் இருக்கலாம் அம்மா. இருக்கிற மனுசனுக்கு எள்ளுத் தண்ணி விடப் போறீங்களா?”

வேறு யாரோ சொல்வதைக் கேட்பது போல என் வாயையே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் என்னுடையதில்லை. நிறுத்தவும் முடியவில்லை. அழுதுகொண்டே அம்மாவின் இரண்டு கையையும் பிடித்து, அண்ணா வருவார், கட்டாயம் வருவார் என்று மன்றாடினேன். என் மனைவி என் முதுகில் கை வைத்தாள், நான் தட்டிவிட்டேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். நான் ஓய்ந்த பிறகு தன் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

“எனக்கு இனி ஏலாது மகன்” என்றார். “வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறதெண்டால் நீ இரு.”

சொல்லிவிட்டு வானில் ஏறி, பின்சீற்றில் தன் இடத்தில் போய் இருந்தார்.